மைத்துனன் பேரில் போன ரத்தம்

"யாரும் பாக்கலியே?"

முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு கேன்டீனிலிருந்து வெளியே வந்த பூட்டு, மைத்துனனைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அறுபது பேரு வரிசையில நிக்கிறாங்க மாமா. எல்லாரும் ஊசியைப் பாக்குறாங்க. உங்க மூஞ்சியை யாரு பாக்குறா?"

"அந்த நர்ஸம்மா என்னை ஒரு மாதிரியா பாத்துச்சுடா."

"நீங்க நடுங்கின நடுக்கத்துக்குப் பாக்கத்தான் செய்வாங்க. யாரு பேரைச் சொன்னீங்க?"

"உன் பேரைத்தான்."

"நானும் உங்க பேரைச் சொல்லி ரத்தம் குடுத்தாச்சு. முடிஞ்சுது. போய் டீயைக் குடிங்க."

அது காகிதக் கிடங்கு. சாயங்காலம் கதவைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்த்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், சந்தேகம் வந்து திரும்பி நடந்து நாலாவது தரமும் இழுத்துப் பார்க்கிறவர் என்பதால் அவருக்குப் பூட்டு என்று பேர். இருபத்தாறு வருஷமாகக் காகிதக் கட்டுத் தூக்குகிறார். வாசலோரம் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையும் நாற்காலியும் உண்டு. அதில் உட்கார்ந்து லாரிகளுக்குக் கேட் பாஸ் எழுதுகிறவர் இந்த மாசத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலியை நினைத்துத்தான் பூட்டு நாற்பத்தாறு வயதில் மாலை வகுப்புக்குப் போய், தன் மகன் வயது வாத்தியாரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். இடுப்பு இன்னும் ஒரு வருஷம் தாங்கும். இரண்டு வருஷம் தாங்காது. அது அவருக்குத் தெரியும், இடுப்புக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆராய்ச்சி டாக்டரம்மா வந்து சேர்ந்தார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் மாதிரி ஒண்ணு இருக்கு. ஷூ லேஸ் நுனியில பிளாஸ்டிக் குப்பி போட்டிருப்பாங்கல்ல, அது மாதிரி இந்த நூலோட நுனியிலயும் ஒரு காப்பு உண்டு. டெலோமியர்னு பேரு. வயசாக ஆக அது குட்டையாகிட்டே வரும். அதோட நீளத்துக்கும் ஞாபகசக்தி, புத்திக்கூர்மைக்கும் தொடர்பு இருக்கான்னு பாக்கப் போறோம்."

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால் லேசாக ஏதாவது தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஒரு தனி ஆளின் நீளத்தை வைத்து அவர் கெட்டிக்காரரா இல்லையா என்று சொல்லவே முடியாது என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி பின்னால் வந்தது. லாரிச் சத்தத்தில் பாதிப் பேச்சு போயிற்று. மிச்சம் இருந்த பாதி கிடங்கு பூராவும் பரவிற்று: நீளம்னா மூளை, குட்டைன்னா மக்கு.

மேனேஜர் காதிலும் அந்தப் பாதிதான் விழுந்திருந்தது. நாற்காலி நீளமான ஆளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

பூட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. தேயாத மூட்டே உடம்பில் இல்லை. அந்தக் குப்பி மட்டும் தேயாமலா இருக்கும்? அப்போது கண்ணில் பட்டவன்தான் மனைவியின் தம்பி, கிடங்கில் தள்ளுவண்டி ஓட்டுகிறவன். பத்து வயது இளையவன், எதற்கும் பதில் வைத்திருக்கிறவன்.

"எனக்கு நீ குடு, உனக்கு நான் குடுக்கறேன்டா மச்சான். உனக்குத்தான் அந்த நாற்காலி வேண்டாமே."

"எனக்கு எதுக்கு? உக்காந்தா தூங்கிடுவேன். ஆனா ஒண்ணு மாமா. முடிவு வர்ற வரைக்கும் என் பங்கு லோடையும் நீங்கதான் இறக்கணும்."

முடிவு வர ஒரு மாசம் ஆயிற்று. அந்த ஒரு மாசமும் பூட்டு இரண்டு ஆள் வேலை பார்த்தார். மைத்துனன் வண்டி நிழலில் உட்கார்ந்து, "முதுகை வளைக்காதீங்க மாமா, முட்டியை வளைங்க" என்று யோசனை சொன்னான்.

கடிதங்கள் வந்த அன்றைக்குப் பூட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். வயதுக்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குட்டை.

மைத்துனன் அவனுடையதைச் சத்தமாகவே படித்தான். வயதுக்கு எதிர்பார்த்ததைவிட மிக நீளம்.

பூட்டு இரண்டு கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நீளம் யாருடையது? அவருடையது. இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கியும் தேயாத நீளம். அதை மடித்து, உறை போட்டு, இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மைத்துனனை ஒதுக்கினார். "லெட்டரை மாத்திக்கலாம்டா."

"பேரு போட்டிருக்கே மாமா."

"ரத்தம் என்னோடதுடா!"

"யாரு ரத்தம் யாருக்குத் தெரியும்?" என்று மைத்துனன் சிரித்தான். "மேனேஜர் வேற கூப்பிட்டு விட்டிருக்காரு. என்னன்னு கேட்டுட்டு வர்றேன்."

திரும்பி வரும்போது அவன் காதில் பேனா இருந்தது.

"தற்காலிகமாத்தான் மாமா" என்று நாற்காலியில் சாய்ந்தான். "மேனேஜர் ரொம்பக் கெஞ்சினாரு."

"உக்காந்தா தூங்கிடுவேன்னியேடா!"

"அதான் சாஞ்ச மாதிரி உக்காந்திருக்கேன்."

அன்றிலிருந்து பூட்டு என்ன செய்தாலும் அது குட்டையின் வேலை ஆயிற்று. கையுறையை எங்கே வைத்தோம் என்று ஒரு நாள் தேடினார். "பாவம், நுனி தேஞ்சிருச்சு" என்றார்கள். மைத்துனன் மூன்றாம் கேட் லாரியை ஐந்தாம் கேட்டுக்கு அனுப்பி, வெள்ளைத்தாள் பூராவும் அட்டைப்பெட்டி ஆலைக்குப் போய் இறங்கிற்று. "ஏதோ பெரிய யோசனையில இருந்திருப்பாரு" என்றார் மேனேஜர்.

வீட்டில் அதற்கு மேல்.

"என் தம்பிக்கு மூளை ஜாஸ்தின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மனைவி, அவர் சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டே.

"சாவியை ஏன் எடுக்கற?"

"எங்கயாவது வச்சுட்டு மறந்துட்டீங்கன்னா?"

"நான் இதுவரைக்கும் எதையாவது மறந்திருக்கேனா?"

"அதையே மறந்திருப்பீங்க."

உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன், சொல்லாவிட்டால் மக்கு. பூட்டு புரண்டு புரண்டு படுத்தார். கடைசியில் ஒரு வழி தோன்றிற்று. ஆராய்ச்சியில் அடுத்ததாக மூளைச் சோதனை இருந்தது. அதில் ரத்தம் இல்லை, குழாய் இல்லை, மைத்துனனும் இல்லை. அதில் ஜெயித்துக் காட்டினால் குட்டையாவது நெட்டையாவது!

டாக்டரம்மா பதினைந்து வார்த்தைகள் சொன்னார். இருபது நிமிஷம் வேறு என்னென்னவோ கேட்டுவிட்டு, "இப்ப அந்த வார்த்தையெல்லாம் ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்லுங்க" என்றார்.

பூட்டு பதினைந்தையும் சொன்னார். வரிசையாகச் சொன்னார். கேட்காமலே தலைகீழாகவும் சொன்னார். நாற்பத்தாறு வயது வரைக்கும் எழுத்துத் தெரியாது. எந்தக் கட்டு எந்த அடுக்கில், எந்த லாரி எந்த ஊருக்கு என்று அத்தனையையும் தலைக்குள்ளேயே அடுக்கி வைத்திருந்தவர். அவருக்குப் பதினைந்து வார்த்தை ஒரு சுமையா?

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தக் கிடங்குலயே இதுதான் அதிக மதிப்பெண்."

பூட்டு நெஞ்சை நிமிர்த்தினார். மாசக்கணக்கில் நிமிராத நெஞ்சு. எங்கேயோ கடக் என்றது.

"அதுவும் இவ்வளவு குட்டையான டெலோமியரை வச்சுக்கிட்டு! நீங்க அபூர்வமான ஆளு. உங்களை விடறதா இல்ல. இப்பவே இன்னும் நாலு குழாய் ரத்தம் எடுத்து எங்க பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பப் போறோம்."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே உள்ளே போயிற்று. இப்போது எடுத்தால் நீளம் என்று வரும். போன மாசம் குட்டை, இந்த மாசம் நீளம் என்றால் சும்மா விடுவார்களா?

"இன்னைக்கு வேண்டாம்மா. ரத்தம் கம்மியா இருக்கு."

"கம்மியா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு மாதிரியா... லேசா இருக்கேன்."

நர்ஸம்மா ஊசியோடு வந்துவிட்டாள். என்ன அபூர்வம் என்று பார்க்க மேனேஜரும் வந்து நின்றார். அவருக்குப் பின்னாலேயே காதில் பேனாவோடு மைத்துனன். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். அந்தப் பேனாவைப் பார்த்ததும் பூட்டுக்குள் ஒரு மாசமாக அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"அந்த நீளம் என்னோடதும்மா!"

"எந்த நீளம்?"

"இவன் பேருல வந்த நீளம். நான்தான் பேரை மாத்தினேன். என் பேருல இவன் குடுத்தான், இவன் பேருல நான் குடுத்தேன். குட்டை இவனோடது. தப்பு என்னோடதுதான், என்ன தண்டனை வேணா குடுங்க. என் ரத்தத்தை மட்டும் எனக்குத் திருப்பி எழுதிக் குடுங்க."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அறுபது பேரில் இன்னும் எத்தனை பேர் இப்படி என்று அவர் கண் கணக்குப் போட ஆரம்பித்தது.

மேனேஜர் மெதுவாக மைத்துனன் பக்கம் திரும்பினார். "ஏன்யா, அப்ப மக்கு நீயா?"

மைத்துனன் காதிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தான்.

"சார்" என்று பூட்டு குரலைத் தணித்துக்கொண்டார். "அப்ப அந்த நாற்காலி..."

"நீளம் உங்களோடதுன்னா நாற்காலியும் உங்களோடதுதான்" என்றார் மேனேஜர்.

இதற்குள் நர்ஸம்மா ஊசியை வைத்துவிட்டுத் தன் நோட்டை நாலு பக்கம் பின்னால் புரட்டியிருந்தாள். ஒரு வரியில் விரலை வைத்து, மைத்துனனின் இரண்டு கையையும் ஒரு தரம் பார்த்தாள்.

"இவரு பேருல பெரியவர் குடுத்த முதல் குழாய் அன்னைக்கே என் கை தவறிக் கீழே விழுந்து உடைஞ்சிடுச்சு சார், மறுநாள் இவரையே கூப்பிட்டு, வலது கையில ஊசி குத்தின அடையாளம் இருக்கேன்னு இடது கையில எடுத்தேன், அப்படின்னா குட்டை இவரு வலது கை, நீளம் இவரு இடது கை, பெரியவரோடதை நாங்க இன்னும் அளக்கவே இல்ல."