காரணம்சொல்லி

எதுவும் சும்மா நடக்குமா? இந்த ஒரு கேள்விக்காகவே பிறவி எடுத்தவர்கள் உண்டு. காரணம்சொல்லிகள் என்பது இனத்தின் பெயர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இங்கே பார்க்கப்போகிறவர் அதையே உத்தியோகமாக்கிக்கொண்ட பேராசிரியர்.

அவர் துறை மரபணு ஆராய்ச்சி. ஒரு மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்று தீர்மானிக்கும் சுவிட்சுகள் அதன் அருகிலேயே இருக்கின்றன. குரங்கிடம் இருப்பதிலிருந்து மனிதரின் சுவிட்சு கொஞ்சம் மாறியிருந்தால் போதும், பேராசிரியர் காரணம் தேடக் கிளம்பிவிடுவார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடி, நம் முன்னோரைக் காடுமேடெல்லாம் நடக்கவிட்டு, குளிரில் நடுங்கவைத்து, பிழைக்க உதவுவதை மட்டும் நிலைக்கவைக்கும் இயற்கைத் தேர்வின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கண் திறப்பார். கல்லீரல் சுவிட்சு ஒன்று மனிதரிடம் வேகமாக வேலை செய்கிறது என்று ஆய்வு மாணவி ஒருமுறை சொன்னாள். முன்னோர் வயிறு புடைக்கத் தின்றதால் என்றார். மறுநாள் வந்து, வரைபடத்தை மாற்றிப் படித்துவிட்டேன், மெதுவாகத்தான் வேலை செய்கிறது என்றாள். முன்னோர் பட்டினி கிடந்ததால் என்றார். கண்ணாடியைக்கூட மாட்டவில்லை.

வீட்டிலும் ஓய்வில்லை. சாப்பிட்ட தட்டை ஏன் கழுவுவதில்லை என்று மனைவி கேட்டால், வேட்டைக்காரன் ஓரிடத்தில் நிற்காத வரலாறு வரும்.

“வேட்டை முடிஞ்சு வந்தாச்சுல்ல, கழுவுங்க” என்பாள்.

அந்த மாணவியின் ஆய்வேடு ஒருநாள் மேஜைக்கு வந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் காத்திருக்கும் வேலை. அவளோ, அவருடைய செல்லக் கல்லீரல் சுவிட்சு நிறைய மாறியிருப்பது உண்மை, ஆனால் பக்கத்தில் ஒரு வேலையும் செய்யாமல் கிடக்கும் பகுதிகளும் அதே அளவு மாறியிருக்கின்றன, ஆகவே இயற்கைத் தேர்வுக்கு அடையாளமே இல்லை, வெறும் தற்செயல் என்று எழுதியிருந்தாள்.

“ஏம்மா, எதுக்காக மாறிச்சுன்னு எழுதலையே?”

“எதுக்காகவும் இல்ல சார். சும்மா மாறியிருக்கு.”

“சும்மாவா?”

“தின்னாலும் பொருந்துது, பட்டினி கிடந்தாலும் பொருந்துது. அந்தக் கதைய எப்படி சார் சரிபாக்கறது?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டு, ஓர் எழுத்தும் திருத்தாமல் கையெழுத்திட்டார்.

ஏன்? ஓய்வுபெறும் வயசு, இனி எது எப்படிப் போனால் என்ன என்கிறார் நூலகர். மேலிடத்துக்குப் புகார் போகும் என்ற பயம் என்கிறது பக்கத்து அறை. தட்டு கழுவப் பழகியதன் பலன் என்கிறாள் மனைவி. அவர் மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அவர் கையெழுத்திட்ட வரியிலேயே உங்களுக்கும் ஒரு காரணம் தோன்றியிருக்குமே?