இருட்டறையில் பச்சை

இருட்டறைத் தட்டில் கோதுமை நாற்றுகள் மறுபடியும் பச்சை கட்டியிருந்தன. ஆய்வாளர் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சமே காணாமல் வளர்ந்தவை வெளிறிய மஞ்சளாக அல்லவா நிற்க வேண்டும்?

இலையில் வெளிச்சம் பட்டால் உள்ளே கொஞ்சம் நஞ்சும் ஊறும். அதை முறிக்க ஒரு காவல் நொதி உண்டு. அந்த நொதிக்கான மரபணுவைத் தட்டி எழுப்புவதும் வெளிச்சம்தானா? இது தெரியாமல் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. தெரிய வேண்டுமானால், வெளிச்சம் படாத நாற்று ஒரு தட்டாவது வேண்டும்.

"இன்னொரு தடவை கெட்டுச்சுன்னா ஆராய்ச்சியையே மூடிடுவேன். உங்க வேலையும் அதோட சரி," என்றார் ஆராய்ச்சி நிலைய இயக்குநர்.

அவள் சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினாள். கதவிடுக்கில் துணியைத் திணித்தாள். சாவித் துவாரத்தைக்கூட விடவில்லை, டேப் ஒட்டினாள்.

நாற்றுகள் இன்னும் பச்சையாயின.

"உள்ளே யாராவது போறீங்களா?" என்று காவலாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எதுக்கும்மா போறேன்? அங்க என்ன விருந்தா வைக்கிறாங்க?"

இயக்குநரிடமே முறையிட்டாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பெரிய பூட்டாப் போடுங்க. சாவி என்கிட்டயே இருக்கட்டும். தண்ணி ஊத்தறப்ப மட்டும் வந்து வாங்கிக்குங்க. அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா நடமாடக்கூடாது."

அடுத்த தடவை பூட்டைத் திறந்தபோது நாற்றுகள் கிளிப்பச்சை.

இப்போது அவளுக்குப் பயம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. இந்தக் கோதுமைக்கு வெளிச்சமே வேண்டாமோ? இலையை அரைத்துச் சோதித்தாள். மரபணு கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

"இருட்டுல பச்சையாகிற கோதுமையா?" இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உலகத்துலயே நாமதான் முதல். நாளைக்கே நிபுணர்களைக் கூப்பிடறேன். ஆனா ஒண்ணு, அவங்க முன்னாடி இது பொய்யாப் போச்சுன்னா, நீங்க அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

மறுநாள் நிபுணர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இயக்குநரைத்தான் காணோம். வழக்கம்போல எங்கேயோ மாயமாகிவிட்டார். ஆய்வாளர் அவர் அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கைதட்டலா, கணக்குத் தீர்ப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது இயக்குநரின் மனைவி வந்தார். கையில் புத்தம் புதிய மேசை விளக்கு.

"அவர் இங்க இல்லையாம்மா? சரி, இதை நீங்களே குடுத்துடுங்க," என்றார். "தினமும் பேத்தியோட வீடியோவுல பேசறார் இல்ல, தாத்தா முகமே தெரியலன்னு அவ சிணுங்கறா. யாரும் வந்து தொந்தரவு பண்ணாத இடம்னு உங்க இருட்டறையிலதான் போய் உட்கார்ந்துக்கறாராம், ஃபோன் வெளிச்சம் மட்டும் எப்படிம்மா பத்தும்?"