பிருந்தாவின் பொங்கல் படம்

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மார்கழி முதல் தேதி, காப்பியைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே சிவசைலம் தன் முடிவை அறிவித்துவிட்டார்.

"இந்தப் பொங்கலுக்கு நான் வெள்ளையடிக்க மாட்டேன். ஆளும் வைக்க மாட்டேன். வீடு இருக்கிறபடி இருக்கட்டும்."

மனைவி ராஜராஜேஸ்வரி டம்ளரை நீட்டினாள். "சரி."

பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டது கிடையாது. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்த மனுஷனுக்கு அன்றைக்குக் காப்பி தனி ருசியாக இருந்தது.

அவர் முடிவுக்குக் காரணம் இருந்தது. பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். போன பொங்கலுக்கு ஆள் வைத்து அடித்து, ஆள் விட்ட இடத்தையெல்லாம் இவரே ஏணியில் ஏறித் தொட்டதில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் தலைமை எழுத்தருக்குத் தலை திரும்பவில்லை. அதிகாரி இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் நாற்காலியோடு சேர்ந்து திரும்பினார். அன்றைக்கு எடுத்த வைராக்கியம் இது.

மறுநாள் சாயங்காலம், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் பிருந்தா, சுருட்டிய சார்ட் அட்டையோடு வந்தாள்.

"அப்பா, ஜெபசீலன் சார் பெரிய வேல குடுத்திருக்காவ. உலகத்துல எங்கெங்க குளிர்காலத்துல என்னென்ன பண்டிகை கொண்டாடுதாங்களோ, அதெல்லாம் வகுப்புல ஒட்டிக் கண்காட்சி வைக்கணுமாம். ஒருத்திக்கு கிறிஸ்மஸ் நட்சத்திரம். ஒருத்திக்கு சீனாக்காரங்க காகித விளக்கு. ஒருத்திக்கு யூதருங்க ஏத்துத ஒம்பது கிளை விளக்கு. மீரான் மாமா மகளுக்கு ஸ்வீடன். அங்க பொம்பளப் பிள்ளைக தலையில மெழுகுவத்திக் கிரீடம் வப்பாங்களாம்."

"உனக்கு?"

"பொங்கல். காலண்டரைப் பாத்து வரையக் கூடாது, கண்ணால பாத்ததத்தான் வரையணும்னு சார் சொன்னாவ. நம்ம வீட்டையே வரையப் போறேன்."

சிவசைலத்துக்கு மனசு குளிர்ந்தது. தன் வீடு பள்ளிக்கூடச் சுவரில் தொங்கப் போகிறது. லீவு விட்ட முதல் நாள், அவள் நோட்டில் போட்டிருந்த பென்சில் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். குளிர்ந்த மனசு அப்படியே உறைந்தது.

காரை பெயர்ந்த இடமெல்லாம் பெயர்ந்தபடியே இருந்தது. ஜன்னலுக்கு மேலே ஓதம் ஏறி, ஆட்டுத்தலை மாதிரி ஒரு கறை. கறைக்கு நேர் கீழே, அழகான எழுத்தில் பெயர்ப் பலகை: கி. சிவசைலம், பி.ஏ.

"ஏட்டி, இந்தக் கறைய எதுக்கு வரைஞ்ச?"

"இருக்குல்லாப்பா."

"இருந்தா வரைஞ்சிரணுமா? அழி."

"பொய்யா வரையக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காவ."

அடுக்களையிலிருந்து ராஜராஜேஸ்வரியின் குரல் வந்தது. "பிள்ள சொல்லுதது வாஸ்தவந்தான. கண்காட்சிக்கு உங்க ஆபீசரும் வருவாவளாம். அவுக மக அங்கதான படிக்கா. பாத்தா பாத்துட்டுப் போறாவ. நம்ம வீட்டு லட்சணம் நமக்கு என்ன புதுசா?"

அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார். மோர்ச் சோற்றில் கையை வைத்தபடியே யோசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"முன்சுவர் மட்டும். அதுவும் பொங்கலுக்காக இல்ல. கல்விக்காக."

"சரி," என்றாள் அவள்.

கொல்லைக்குப் போனால் சுண்ணாம்பு ஏற்கெனவே நீற்றித் தயாராக இருந்தது. எப்போது நீற்றினாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். சாயங்காலத்துக்குள் ஆட்டுத்தலை மறைந்தது.

மறுநாள் பிருந்தா தெருவில் உட்காராமல் சந்துப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள்.

"இங்கன எதுக்கு வந்த?"

"முன்னால வெயிலுக்கு வெள்ளச் சுவரு கண்ணக் கூசுது. பக்கவாட்டுலருந்து வரையுதேன்."

பக்கச் சுவரைப் பார்த்தார். ஏணியைத் தூக்கினார்.

மூன்றாம் நாள் ராஜராஜேஸ்வரி பைய ஒரு விஷயத்தை எடுத்தாள். "பொங்க அன்னைக்கு வாசக்கதவு தொறந்துதான கெடக்கும்? உள்ள பட்டாசல் தெரியுமே."

கூடமான பட்டாசலை இரண்டு நாள் அடித்தார். அடித்து முடித்தால் அதன் வழியாக அடுக்களை தெரிந்தது. அடுக்களைப் புகையைச் சுரண்டி முடித்தால் பரண் தெரிந்தது. எடுத்த காரியத்தை விடுகிற ஆள் இல்லை அவர். அரைகுறையாகத் தொங்குவதற்கா வீடு?

பக்கத்து வீட்டு அகமது மீரான் மதில் மேலாக எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்த வருஷம் வெள்ளையடிக்கலன்னிய?"

"இது வெள்ளையடிப்பு இல்ல வே. ஓவியம்."

"எம் மக கிரீடத்த ஒரு மணி நேரத்துல வரைஞ்சுட்டாளே."

"அது ஸ்வீடன். தூரத்துல இருக்கு. யாரு போயிப் பாக்கப் போறா?"

ஏழாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஜனவரி பத்தாம் தேதி கண்காட்சிக்கு, இஸ்திரி போட்ட சட்டையும் அசையாத தலையுமாகப் போனார். வகுப்பின் நீளச் சுவரில் நட்சத்திரமும் காகித விளக்கும் கிரீடமும் வரிசையாக இருந்தன. எல்லோரும் நின்றது ஒரு படத்துக்கு முன்னால்தான். முதல் பரிசு என்று மூலையில் சிவப்பு ரிப்பன்.

படத்தில் ஏணி மேல் ஒருவர். மடித்துக் கட்டிய வேட்டி, ஓட்டை பனியன், மீசையெல்லாம் சுண்ணாம்பு. கீழே ஒரு அம்மாள் கரண்டியை நீட்டி, விட்டுப்போன இடத்தைக் காட்டுகிறாள். அடியில் பிருந்தாவின் கையெழுத்து: 'எங்கள் வீட்டில் பொங்கல் இப்படித்தான் தொடங்கும்.'

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சிவசைலம், அச்சு அசல் நீங்கதான். கழுத்து உள்பட." அந்தப் பக்கம் அதிகாரி மனைவியும் மீரான் மனைவியும் ராஜராஜேஸ்வரியை நடுவில் நிறுத்தி, தாழ்ந்த குரலில் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிவசைலம் உடம்போடு சேர்ந்து குனிந்து படத்தைத் துழாவினார். அடித்த சுவரில் ஒரு சாண்கூட எங்கேயும் வரைந்திருக்கவில்லை.

"ஏட்டி, ஏழு நாளா நான் அடிச்ச சுவரக் காணோமே?"

"பேப்பரே வெள்ளைதானப்பா. சுவருக்கு ஒண்ணுஞ் செய்யாண்டாம், அப்படியே விட்டுருன்னு, சார்ட் கொண்டாந்த அன்னைக்கே அம்மா சொல்லிட்டா."