ஆலோசகர் அறையில் ஓடாத மின்விசிறி

அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்ப மானத்தைத் தனி ஆளாக நின்று காப்பாற்றிவிட்டேன்.

போன மாதம், பதினொன்றாவது படிக்கிற உன் மருமகள் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, "நாளையிலேருந்து நான் ஸ்கூலுக்குப் போகலப்பா. உங்ககூடவே ரிப்பேர் கடையில இருக்கேன்" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. கத்தினேன், கெஞ்சினேன், புது சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். "எதுக்கு? கடை பக்கத்துலதானே இருக்கு?" என்கிறாள். வாயைப் பார், அப்படியே நீதான்.

அவள் பள்ளியில் பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்பதற்கென்றே ஓர் ஆலோசகர் அம்மா இருக்கிறார். மறுநாளே மகளை இழுத்துக்கொண்டு அவரிடம் போய், "நாலு வார்த்தை நறுக்குனு கேளுங்கம்மா, பயப்படட்டும்" என்றேன். அந்த அம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் எப்படி என்றார், நல்லா இருக்கு என்றேன். கடை எப்படி என்றார், நல்லா இருக்கு என்றேன். பத்து நிமிடம் இதே கதை. உனக்குத்தான் தெரியுமே, கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாவிட்டால் எனக்கு வாயே வராது. நல்லவேளை, மேசை மின்விசிறி ஓடவில்லை. "நேத்துலேருந்து சுத்த மாட்டேங்குதுங்க" என்றார். விடுவேனா? கவிழ்த்துத் திறந்தால், உள்ளே மூன்று ஒயரும் இடம் மாறிக் கிடக்கின்றன. எவனோ கத்துக்குட்டி கைவைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே வேலையில் இறங்கினேன்.

"காலையில கடைக்கு வர்ற போனெல்லாம் யாருங்க எடுக்கிறது?" என்று அந்த அம்மா பேச்சுவாக்கில் கேட்டார்.

"என் பொண்ணுதாங்க! எட்டரையிலேருந்து ஒன்பதரை வரைக்கும் ஓயாது. வாஷிங் மெஷின் போடுற சத்தத்தைப் போன்லயே கேட்டு, என்ன கோளாறுன்னு சொல்லிடுவா!"

"ஸ்கூல் ஒன்பது மணிக்குங்க" என்று வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "முதல் பீரியட் கணக்கு."

என் கை நின்றுவிட்டது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டே, "மூணு மாசமா லேட்டாத்தான் போறேன்பா. இப்ப கணக்கு ஒண்ணுமே புரியல. எல்லார் முன்னாடியும் முழிச்சுக்கிட்டு உக்கார வெக்கமா இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, அக்கா. ஒயரை முறுக்கிக்கொண்டே, உனக்கு மட்டும் தெரிந்ததை உளறிவிட்டேன். "நானும் பத்தாவதுல கணக்குக்குப் பயந்துதான் நின்னுட்டேன்மா. படிப்பு பிடிக்காம இல்ல." பன்னிரண்டாவது பாஸ் என்று இத்தனை வருடம் காப்பாற்றி வந்த பெருமை அங்கேயே போச்சு. மகள் புது ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள்.

மின்விசிறியும் சுற்றியது. அந்தக் காற்றிலேயே எல்லாம் முடிவாயிற்று. விட்டுப்போன பாடத்தை மதியத்தில் சொல்லித்தர, கணக்கு வாத்தியாரிடம் அந்த அம்மாவே பேசினார். வெள்ளிக்கிழமைதோறும் மகள் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும். காலை போன் இனி என் பாடு. முதல் நாளே மூன்றாம் மாடி வீட்டுக்குப் பதிலாக இரண்டாம் மாடியில் ஏறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டேன். அது கிடக்கட்டும். நேற்று கணக்குத் தேர்வில் உன் மருமகள் முப்பத்தெட்டு! ஆமாம், நூற்றுக்குத்தான். ஆனால் பாஸ். தாளைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்து முடிக்காத வாடிக்கையாளரிடம் நான் மெஷினைப் பற்றிப் பேசுவதில்லை.

மாமாவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
மின்விசிறியையும் மகளையும் ஒரே மூச்சில் ஓட வைத்த
உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், நன்றி சொல்லப் பள்ளிக்குப் போனேன். அந்த அம்மா சிரிக்கிறார். "நீங்க வர்றதுக்கு முந்தின நாளே உங்க பொண்ணு எங்கிட்ட சொல்லிட்டா. அப்பா கையில வேலை இருந்தாத்தான் மனசுவிட்டுப் பேசுவாருன்னு. ஒயரை மாத்தி வெச்சதும் அவதாங்க." ஆகவே அக்கா, மானத்தைக் காப்பாற்றியது நான் இல்லை. மேலே 'கத்துக்குட்டி' என்று எழுதியிருப்பதையும் நீயே அடித்துவிடு. இருபது வருடத் தொழில்காரன் நான். என்னையே நாற்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டாள்!