காண்டா தூக்கிய கிராணி

காலை பதினொன்று பத்து. என் மகளைப் பள்ளியில் சேர்க்கலாமா என்று பார்க்க ஈப்போவிலிருந்து தலைமையாசிரியை வர இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அதுவரை, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான நான் சும்மா உட்கார்ந்திருந்தால் என் மீசையாவது பிழைத்திருக்கும்.

என் மகள் பார்வதிக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் விறைத்திருக்கும். எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார்: தூணருகே நிறுத்தி, உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றப் பழக்கி, பிறகு மெல்லக் கையை விடச் செய்வது.

"விழப்போனா மட்டும் பிடிங்க, கிராணி. முன்கூட்டியே பிடிக்காதீங்க."

நான் தினமும் முன்கூட்டியே பிடித்தேன். மூன்று மாதத்தில் ஐந்து எண்ணும்வரைதான் நின்றாள். தலைமையாசிரியை முன் இருபது எண்ணும்வரை நின்றால்தான் பள்ளியில் இடம்.

அன்றும் அவளை வாசல் தூணருகே நிறுத்தியிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பால்வெட்டுக்காரர்கள் காண்டாவோடு வந்தார்கள். தோளில் கம்பு, இரு முனையிலும் ரப்பர் பால் நிறைந்த வாளி, ஒருவர்கூடத் தள்ளாடவில்லை. இருபக்கமும் பாரம் இருந்தால் பார்வதியும் நேராக நிற்பாள் என்று என் படித்த மூளைக்குத் தோன்றியது. முதலில் என் தோளில் சோதிக்க வேண்டாமா? அவர்களில் ஒருத்தியான முனியம்மாவிடம் காண்டாவைக் கேட்டேன்.

"வேணாங்கய்யா. இது பேனா இல்லீங்க, ஆளையே சுத்திப்புடும்."

"கொடு, எனக்குத் தெரியும்."

(எனக்குத் தெரிந்தது விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மட்டுமே.)

மூன்றாவது அடியில் முன்வாளி வலப்பக்கம் போனது, பின்வாளி இடப்பக்கம் போனது, நான் தரைக்குப் போனேன். விடியலிலிருந்து முனியம்மா சேர்த்த பால் முழுவதும் என் தலையில்.

"அப்பா!"

பார்வதி தூணை விட்டாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. பிடிக்க எழுந்தேன், வழுக்கி மறுபடி விழுந்தேன். என் கண்முன்னே அவள் நெற்றி கல்லில் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பால் போனதே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் முனியம்மா ஓடிப்போய், முந்தானையால் ரத்தத்தை அழுத்தினாள்.

காய்ந்த ரப்பரோடு என் மீசையை மழித்தே எடுத்தார்கள். இன்றும் நான் பதறிக் கை நீட்டினால், "காண்டா கொண்டாரவா?" என்பாள் மனைவி. பார்வதிதான் முதலில் சிரிப்பாள், நெற்றித் தழும்பு சுருங்க.

அன்று நான் தரையிலிருந்து எழுவதற்குள் வேலியோரத்திலிருந்து தலைமையாசிரியை வந்தார். யாழ்ப்பாணத்து அம்மா. நான் வெள்ளை வெளேரென்று எழுந்து கும்பிட்டேன்.

"பஸ் வெள்ளனவே வந்திட்டுது. எல்லாம் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்," என்றார். "இருபது எண்ணத் தேவையில்லை. பிள்ளையைத் திங்கட்கிழமை அனுப்புங்கோ. நீங்கள் கூட வர வேண்டாம்."