இருபத்தெட்டாவது தர்ஷினியை முதலில் படித்தது யார்?

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
தவக்காலத்து வியாழக்கிழமை, காலை பத்தரை மணி

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் மதலைமுத்து அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் ரெமிஜியஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் என் இரத்த அழுத்தமும் ஆண்டவர் தயவில் ஒருவிதமாக இருக்கிறோம். தங்கவயலில் தாங்களும் ஷோபா அக்காவும் மாதாவின் அடைக்கலத்தில் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். அக்காவின் கண் ஆபரேஷனுக்கு இங்கே தினமும் ஒரு செபமாலை சொல்லப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும்.

நிற்க. செவ்வாய்க்கிழமை காலையில் நான் போனில் அழுதது தங்களுக்கு நினைவிருக்கும். "இனிமே உங்க தங்கச்சிக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னது நான்தான். தாங்களும் பதறிப்போய், வருகிற ஞாயிறு பங்கு மூப்பரையும் அழைத்துக்கொண்டு வந்து பேசித் தீர்ப்பதாகச் சொன்னீர்கள். அது தேவைப்படாது. ஏன் தேவைப்படாது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பியிருக்கலாம், ஆனால் என் வாட்ஸ்அப் தங்கள் தங்கை பிரபாவின் கம்ப்யூட்டரிலும் திறந்தே கிடக்கிறது, எப்படி மூடுவதென்று எனக்குத் தெரியவில்லை, அவளிடமே கேட்பதும் நன்றாக இருக்காது. ஆகவே தபால்.

தங்கள் தங்கை எழுதும் 'துப்பறியும் தர்ஷினி' நாவல்களைத் தாங்கள் ஒன்றுகூடப் படித்ததில்லை என்று எனக்குத் தெரியும், அதற்காக நான் வருத்தப்படவில்லை, ஆனால் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் வெளிவந்த இருபத்தேழு தர்ஷினிகளையும் உலகத்திலேயே முதலில் படித்தவன் நான் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். தர்ஷினி என்பவள் சிவாஜிநகரில் ஒரு மாடி அறையில் ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் துப்பறிவாளர், தனி ஆள், ஸ்கூட்டி ஓட்டுவாள், யாருக்கும் பயப்பட மாட்டாள். பிரபா எழுதி முடித்ததும் கைப்பிரதிக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வருவாள். ஒன்பதாவது நாவலில் பிணத்தின் கடிகாரம் முதலில் இடது கையிலும் பிறகு வலது கையிலும் இருந்ததைக் கண்டுபிடித்தவன் நான். பதினாலாவதில் ஸ்கூட்டியை ரிச்சர்ட்ஸ் டவுனில் பூட்டி வைத்துவிட்டு அதே ஸ்கூட்டியில் தர்ஷினி ஒயிட்ஃபீல்டு போனாள், அதையும் நான்தான் பிடித்தேன். கொலைகாரன் யார் என்பதை எப்போதும் நாற்பதாம் பக்கத்துக்குள் சொல்லிவிடுவேன். சமையலறைக்கே போய், "பால்காரன்தானே?" என்பேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அது பிரமிப்பு என்று நான் நினைத்திருந்தேன் மச்சான்.

இந்நிலையில் போன வியாழக்கிழமை, மூக்குக்கண்ணாடியைத் தேடப்போய் அவள் மேசை இழுப்பறையில் இருபத்தெட்டாவது தர்ஷினி முழுசாக எழுதி முடிக்கப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை. பக்கம் பக்கமாக ஓரத்தில் யாரோ பச்சை மையில் எழுதியிருந்தார்கள்! பிரபாவின் கையெழுத்து இல்லை. 'ழ' எல்லாம் பூனை வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. ஓரிடத்தில், "இங்கே தர்ஷினி அழ வேண்டாம், வண்டியில் ஏறியதும் அழட்டும்" என்று இருந்தது. பக்கத்தில் பிரபா பென்சிலால், "சரி" என்று எழுதியிருந்தாள். சரி! முப்பத்துநாலு வருஷ தாம்பத்தியத்தில் நான் சொன்ன எதற்காவது அந்தப் பெண் 'சரி' என்று எழுத்து மூலமாகச் சொல்லியிருக்கிறாளா? இழுப்பறையை மூடிவிட்டேன். கண்ணாடி கடைசிவரை கிடைக்கவில்லை, நெற்றியில் இருந்திருக்கிறது.

என் முதல் சந்தேகம் மாடியில் குடியிருக்கும் ரகுராம் மேல். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், பிரபாவைக் கண்டால் "மேடம், மேடம்" என்று குழைவான். அவன் கையெழுத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று, காகிதமும் பேனாவும் நீட்டி, "தம்பி, கேஸ் ஏஜென்சி அட்ரஸ் கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்றேன். "உங்க நம்பருக்கே அனுப்பிட்டேன் அங்கிள்" என்றான். மறுபடி பால் கணக்கு என்றேன், அதையும் அனுப்பிவிட்டான். பேனாவால் எழுதி எத்தனை வருஷமாகிறது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "பிளஸ் டூ எக்ஸாம்ல எழுதினேன்" என்றான். அவன் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை பிரபா தனியாகச் சிவாஜிநகர் கிளம்பினாள். நான் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். இருபத்தேழு நாவலில் தர்ஷினி ஆட்களைப் பின்தொடரும் முறை எனக்கு மனப்பாடம், ஆனால் தர்ஷினிக்கு முழங்கால் வலி கிடையாது என்பதை யோசிக்கத் தவறிவிட்டேன். ரசல் மார்க்கெட் பக்கம் அவள் சட்டென்று திரும்பினாள். நான் ஓர் இறைச்சிக் கடைக்குள் புகுந்துகொண்டேன். கடைக்காரர், "க்யா ஹோனா சாப்?" என்றார். என்ன வேண்டும் என்கிறார், சும்மா நிற்க முடியாதே, கைக்கு எதிரே தொங்கியதைக் காட்டினேன். இரண்டு கிலோ ஆட்டுக்குடலை மூட்டை கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். வெளியே வந்தால் பிரபா எதிரிலேயே நிற்கிறாள். "வந்ததுதான் வந்தீங்க, இந்தப் பையையும் பிடிங்க" என்றாள். பிறகு என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, "கறி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில யாருக்கு இந்தக் குடல்?" என்று கேட்டாள். ரகுராமுக்கு என்று சொன்னேன். ரகுராம் சைவம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன் மச்சான். செவ்வாய்க்கிழமைதான் தாங்கவில்லை. சமையலறையில் அவள் யாருடனோ போனில், "நீ படிச்சதுக்கப்புறம்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன குரல் தெரியுமா அது? நாங்கள் கல்யாணமான புதிதில் அல்சூர் ஏரிக்கரையில் என்னிடம் பேசிய குரல். நான் மொட்டைமாடிக்குப் போய்த் தங்களுக்குப் போன் போட்டேன். பிறகு நடந்ததுதான் தங்களுக்குத் தெரியுமே.

அழுது முடித்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கட்டுக்குள் அடையாளமாக ஒரு விசிட்டிங் கார்டு செருகியிருந்ததைப் பார்த்திருந்தேன்: 'வைஷ்ணவி, தனியார் துப்பறிவாளர், தொம்மலூர்.' பிரபா நாவலுக்காக இப்படி ஏதாவது சேர்த்து வைப்பாள். நம் வீட்டு விஷயத்தை ஓர் ஆம்பளைத் துப்பறிவாளனிடம் சொல்வதைவிடப் பெண்ணிடம் சொல்வது கௌரவம் என்று பட்டது. நேற்று காலை, ஓரத்தில் எழுதியிருந்த பக்கம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரு தையற்கடைக்கு மேலே அந்த ஆபீஸ். முப்பது வயது இருக்கும், டிபன் பாக்ஸிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்வல்ப உட்காருங்க அங்கிள்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி, கை கழுவிவிட்டு வந்தாள். நான் பெயர் சொல்லாமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜெராக்ஸை மேசைமேல் வைத்து, "இந்த எழுத்தப் பாரும்மா. திமிர் புடிச்ச எழுத்து" என்றேன். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்த ஆளுக்கு என்ன வயசு இருக்கும்னு நெனைக்கிறீங்க அங்கிள்?"

"அறுபது இருக்கும். பொண்டாட்டி இல்லாதவன். தலைக்குச் சாயம் அடிக்கிறவன்."

அவள் இருமினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, "உங்க பேரு?" என்றாள். சொன்னேன். எழுதப் போன கை பாதியில் நின்றது.

"அந்தப் பக்கத்தைப் பாத்ததுமே நெனச்சேன். பிரபா ஆன்ட்டி வீட்டு ரெமிஜியஸ் அங்கிள்தானே நீங்க?"

அப்போதுதான் அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். தேதியை ஏற்கெனவே எழுதியிருந்தாள், பச்சை நிறத்தில். இருபத்தேழு துப்பறியும் நாவல்களை முதலில் படித்தவனுக்கு, மச்சான், எதிரே பேனாவோடு உட்கார்ந்திருந்த ஆளைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது.

"இந்தக் கேஸை நான் எடுக்க முடியாது அங்கிள். அந்தச் சாயம் அடிச்ச ஆளு நான்தான்" என்றாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்கும் என்று தாங்கள் நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ஆணாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம், தங்களையும் மூப்பரையும் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கலாம். இதற்கு என்ன செய்வது? "என்னப் பத்தி உங்கிட்ட ஏதாவது சொல்லுவாளா?" என்று கேட்டேன். அந்தப் பெண் நல்ல மனசோடு யோசித்து, "பஸ் டைமிங்கெல்லாம் கரெக்டா சொல்வீங்கன்னு சொல்லிருக்காங்க" என்றாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "என் தொழில்ல கொலையெல்லாம் வராது அங்கிள். வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பதில் முன்னாடியே தெரியும். கூட உக்காந்து கேக்கிறதுக்குத்தான் ஆள் தேடி வர்றாங்க. ஆன்ட்டியும் அப்படித்தான் வந்தாங்க" என்றாள். படி இறங்கும்போது முழங்கால் வலித்தது, மற்ற இடமும் வலித்தது.

வீட்டில் பிரபா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலே கேட்டேன்.

"வைஷ்ணவிகிட்ட குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எங்கிட்ட ஏன் குடுக்கல?"

"உங்ககிட்ட குடுத்தா நாப்பதாம் பக்கத்துல வந்து கொலகாரன் பேரச் சொல்லுவீங்க."

"சரியாத்தானே சொல்லுவேன்?"

"சரியாத்தான் சொல்லுவீங்க. ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் சொல்லுவீங்க" என்றாள். கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே, தலை நிமிராமல், "அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது, தெரியுமா?" என்றாள்.

தெரியாது மச்சான். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாது. அவள் எழுந்துபோய் அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

மதியம் முழுக்கப் படித்தேன். வயதான ஓர் அம்மாள் தர்ஷினியிடம் வருகிறார். வருஷா வருஷம் தன் பிறந்தநாளுக்கு யாரோ பெயர் போடாமல் பூங்கொத்து அனுப்புகிறார்கள், அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் பூக்கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். நாற்பதாம் பக்கத்தில் மருமகன் என்று முடிவே செய்துவிட்டேன், ஆனால் யாரைக் கொல்லப்போகிறான் என்று தெரியவில்லை. நூறாம் பக்கம் வந்தது, பிணம் வரவில்லை. தர்ஷினி சிவாஜிநகரிலிருந்து தொம்மலூருக்குப் பஸ்ஸில் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தாள், எந்த ஜென்மத்தில் பத்து நிமிஷம், பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். கடைசியில் கொலையே இல்லை மச்சான்! பூவை அனுப்பிக்கொண்டிருந்தது அந்த அம்மாளேதான். தனக்குத்தானே. தர்ஷினிக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் அறிக்கையில், 'அனுப்பியவரைக் கண்டுபிடிக்க இயலவில்லை, ஆனால் உங்கள்மேல் மிகுந்த பிரியம் உள்ளவர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே வந்து வண்டியில் ஏறுகிறாள். அங்கே அவள் அழுதாள். நானும் அழுதேன். பச்சைப் பேனா சொன்னது சரிதான், மேலே அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்காது. இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

சமையலறைக்குப் போனேன். பிரபா திரும்பாமல், "என்ன, யாரு கொலகாரன்?" என்றாள். கட்டை அவளிடம் நீட்டி, "அந்தம்மா அன்னைக்குச் சாப்பிட்டாங்களா இல்லையா, நீ எழுதவே இல்லையே" என்றேன். அசட்டுத்தனமாக வாயில் வந்த கேள்விதான். பிரபா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலைத் தேடி எடுத்துவந்து, நின்றபடியே கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். நான் சொன்னதை அவள் அங்கேயே எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை. பிறகு இருவரும் சாப்பிட்டோம்.

ஆகவே மச்சான், செவ்வாய்க்கிழமை நான் போனில் சொன்னதையெல்லாம் காற்றில் விட்டுவிடவும். என் மனசில் இப்போது துளிப் பொறாமை இல்லை. வைஷ்ணவி எனக்கு மகள் மாதிரி. முதலில் யார் படித்தால் என்ன, இரண்டாவதாகப் படிப்பதிலும் ஒரு நிதானம் இருக்கிறது. மூப்பர் அவர்களுக்கு என் வணக்கத்தையும், வீண் சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்பையும் சொல்லவும். ஷோபா அக்கா கண்ணில் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடட்டும். தங்கள் வீட்டின்மேல் தூய ஆவியின் சமாதானம் என்றும் தங்குவதாக.

தங்கள் தங்கையோடு என்றும்போல் வாழும்,
ரெமிஜியஸ்

பி.கு.: இதை உறையில் போடும் நேரத்தில் பிரபா அந்தக் கட்டைச் சென்னைப் பதிப்பகத்துக்குக் கூரியர் செய்யச் சொல்லி என் கையில் கொடுத்தாள். மேலே புதிதாக ஒரு தாள் வைத்திருக்கிறாள். 'முதலில் படித்த வைஷ்ணவிக்குச் சமர்ப்பணம்.' மச்சான், இருபத்தேழு புத்தகத்தில் ஒன்றையும் அவள் யாருக்கும் சமர்ப்பணம் செய்ததில்லை! கேட்டால், "எழுதறதே பெரிசு, இதில சமர்ப்பணம் வேறயா?" என்பாள். ஞாயிறுவரை காத்திருக்க முடியாது. இந்தக் கடிதம் எப்படியும் தாமதமாகத்தான் வரும், ஆகவே இப்போதே மொட்டைமாடிக்குப் போய்ப் போனிலும் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை முதல் ரயிலில் மூப்பரோடு புறப்பட்டு வரவும். மதியம் நாலு பேருக்கு மீன்குழம்பு வைக்கும்படி பிரபாவிடம் சொல்லியாகிவிட்டது. யார் வருகிறார்கள் என்றுதான் இன்னும் சொல்லவில்லை.