மூன்று தொட்டிப் பொறாமை

மெத்தைக் கடையின் மாடியறைக்குக் காலை ஆறு மணிக்கே தெருமுனை வரை வரிசை. காரணம், மண். சாதாரண மண் இல்லை; தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊரார் பொறாமையை இழுத்து வெளியே போடும் மண். மண் வைத்தியர் அப்படித்தான் சொன்னார். அவரே சொன்னபின் சரிபார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

வைத்தியம் எளிது. முதலில் தலையில் ஒரு சொம்பு மூலிகைத் தண்ணீர். அதன்மேல் கரைத்த மண். தொட்டியில் இறங்கும் தண்ணீர் கன்னங்கரேல் என்றிருக்கும். "பாத்தீங்களா, எவ்வளவு பொறாமை" என்பார் வைத்தியர். கறுப்பு கூடினால் வந்தவருக்குப் பெருமை. "எனக்கு மூணு தொட்டி வந்துச்சு" என்று ஒரு பள்ளி ஆசிரியை பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று தொட்டி பொறாமைப்பட அவரிடம் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிலருக்கு நரைமுடிகூடக் கறுத்தது. அது இலவச அற்புதம்.

சாயப்பட்டறைக்காரி இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பாள். ஆனால் அன்று வரிசையில் நின்றவர்களில் அவள் தங்கையும் ஒருத்தி. தைராய்டு கோளாறில் தங்கைக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். வைத்தியரோ, "மாத்திரையும் மண்ணும் ஒத்துப்போகாது" என்றார். மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் ஆகிவிட்டது. முகம் வீங்கிப்போய், மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த அக்கா அவளைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போனாள்.

உள்ளே நுழைந்ததுமே மூலிகைத் தண்ணீரில் கடுக்காய் வாடை அவள் மூக்கில் ஏறியது. மண்ணில் ஒரு துளியை நாக்கில் வைத்தாள், இரும்பு ருசி. இருபது வருடம் கறுப்புச் சாயம் காய்ச்சியவளுக்கு வேறு சாட்சி வேண்டாம். பையிலிருந்து ஒரு வெள்ளை நூல்கண்டை எடுத்தாள்.

"ஐயா, என் தங்கச்சிக்கு முன்னாடி இதுக்கு வைத்தியம் பண்ணுங்க."

"நூலுக்கு எதுக்கும்மா?"

"பொறாமை இருக்கான்னு பாக்கலாம்."

கூட்டம் சிரித்தது. வைத்தியர் தயங்க, அன்றும் வந்திருந்த ஆசிரியையே தண்ணீரை ஊற்றி மண்ணைத் தேய்த்தார். தொட்டி கறுத்தது. நூலும் கறுத்தது.

வைத்தியர் அசரவில்லை. "இதை நூத்தவங்க மனசுல பொறாமை இருந்திருக்கு."

பாதிக் கூட்டம் தலையாட்டியது. தலை இருப்பதே ஆட்டத்தானே.

"நூத்தது மிஷின்" என்றாள் சாயப்பட்டறைக்காரி. "சரி, உங்க மனசுல பொறாமையே கிடையாதே. உங்க தாடியில ஊத்திக் காட்டுங்க."

வைத்தியரின் வெண்தாடி பஞ்சு மாதிரி நெஞ்சில் கிடந்தது. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "எனக்கு இன்னைக்குச் சளி."

"சளிக்கும் இதே மண்ணுதான்னு நேத்து சொன்னீங்களே" என்றார் ஆசிரியை. குரலில் மூன்று தொட்டி வருத்தம் இருந்தது.

"கடுக்காய்த் தண்ணியில அன்னபேதி, அதான் இரும்பு உப்பு, பட்டா கறுக்கும். இந்த மண்ணுல அதுதான் கலந்திருக்கு. நாங்க துணிக்குச் சாயம் ஏத்துறது இப்படித்தான். எந்தத் துணியும் யார் மேலயும் பொறாமைப்பட்டதில்லை" என்றாள் சாயப்பட்டறைக்காரி.

வைத்தியர் வெளியேற வழி தேடினார். அறைக்கு ஒரே வாசல். அதில்தான் கூட்டம் நின்றது.

தங்கை சுவரைப் பிடித்து எழுந்தாள். "அக்கா, டாக்டர் திட்டுவாரா?"

"திட்டட்டும். மாத்திரை தருவாரில்ல." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

படியில் இறங்கும்போது ஆசிரியை பின்னாலேயே வந்தார். "அப்போ தலைக்கு மண்ணே ஆகாதா?"

"ஏன் ஆகாது? அழுக்கும் எண்ணெயும் போகும். முடி முளைக்காது. கலப்பில்லாத களிமண் பொடி மருந்துக் கடையிலயே கிடைக்குது. பொட்டலத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டு வாங்குங்க."

ஆசிரியை கவனமாகக் கேட்டுக்கொண்டார். "எந்தக் கிழமை வாங்கினா நல்லது?"

"கடை திறந்திருக்கிற கிழமை. வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க டீச்சர். அதுக்கு நல்ல நேரம் பாக்க வேண்டாம்."